கீழ் டிவிசனின் பெரும்பான்மை

கொழும்பு
29.10.2018

அன்புள்ள அக்காவுக்கு,

ஷாமிளா எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். நீங்கள், அத்தான், அம்மா எல்லோரும் சுகம்தானே? அந்தப் பக்கம் மழை பலமாகப் பெய்வதாக டீவியில் காட்டினார்கள். அம்மாவின் இழுப்பு எப்படி இருக்கிறது? வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளை விடும் அந்தப் பிள்ளைக்காம்பராவின் சிமெண்டுத் தரையில் அம்மாவைப் படுக்க விடாதீர்கள், கீழே பலகை போடுங்கள்.

எனக்குப் போன் பண்ணினால் பதில் இல்லையே என்று கோபமாக இருப்பீர்கள். போன் என்னிடம் இல்லை. வெள்ளிக்கிழமை இரவு ஜனாதிபதி பழைய பிரதமரை நீக்கி, புதுப் பிரதமருக்குச் சத்தியப்பிரமாணம் செய்துவைத்தார் அல்லவா, அதற்குப் பிறகு எங்கள் எம்.பி. இந்திரகுமார் ஐயாவைக் கட்சிக்காரர்கள் ஒரு ஹோட்டலுக்குக் கூட்டி வந்துவிட்டார்கள். அலுவலக ஆட்களையும் கூடவே. எந்த எம்.பி. எந்தப் பக்கத்தோடு பேசுகிறார் என்ற பயத்தில், வாசலிலேயே எல்லோருடைய போனையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். டிரைவர் கபூர் நானாவை மட்டும் வெளியே விடுகிறார்கள். அவர் கையில் கொடுத்தால் அவிசாவளை பஸ்ஸில் ஏற்றி, தெஹியோவிட்ட மக்கீன் நானாவின் கடைக்குச் சேர்ப்பித்துவிடுவார். நீங்களும் பதிலைக் கடையில் கொடுங்கள்.

இந்திரகுமார் ஐயா எந்தப் பக்கம் என்று ஊரில் கேட்பார்கள். நீங்கள் பிரதேச சபை உறுப்பினர், உங்களிடம்தான் முதலில் வருவார்கள். இப்போதைக்கு ஒன்றும் சொல்லாதீர்கள். எனக்கும் ஒன்றும் தெரியாது. சிங்களத்தில் வருவதைத் தமிழாக்குவதும், தமிழில் சொல்வதைச் சிங்களமாக்குவதும்தான் என் வேலை.

அம்மாவுக்கு என் அன்பு.

தங்கை
ஷாமிளா


கல்பொத்த தோட்டம், கீழ் டிவிசன்
தெஹியோவிட்ட
31.10.2018

தங்கச்சி ஷாமிளாவுக்கு அக்கா விஜயகலா ஆசீர்வாதத்தோட எழுதுறது.

இங்க எல்லாரும் இருக்கோம். மழையால ஒன் அத்தானுக்கு ஒரு கெழமையா ரப்பர் பால் வெட்டு இல்ல. மரமெல்லாம் தண்ணி வடியுது, வேலைக்குப் பேரும் பதியல சம்பளமும் இல்ல. அம்மாவுக்குப் பலகை போட்டாச்சு. ராவுல இருமல்தான்.

ஒண்ணும் சொல்லாதீங்கனு எழுதியிருக்க. நான் சொல்லாட்டியும் ஆளுகளுக்குக் கண்ணு இருக்கு. சனிக்கிழமை விடிஞ்சதும் புது வீடு கட்டுற கொந்தராத்துக்காரர் லொறியோட வந்து கொங்கிரீட் மிஷின ஏத்திட்டுப் போயிட்டாரு. ஏன்னு கேட்டேன். அமைச்சே யாருதுனு தெரியல, யாரு பில்லுல கையெழுத்துப் போடுவாங்கனு என்னையே திருப்பிக் கேட்டாரு.

நீ கொழும்புல இருந்து மறந்திருந்தா ஞாபகப்படுத்துறேன். மே மாசம் லயத்துக்குப் பின்னால மலை வெடிச்சப்ப, பரிசோதிக்க வந்தவங்க இனி இங்க குடியிருக்கக் கூடாதுனு சிவப்புக் கோடு போட்டுட்டுப் போனாங்க. புது வீடு வரப்போகுதுனு எழுதிக் குடுத்த தைரியத்துல தொரை லயத்துத் தகரத்தக் கழட்டிட்டாரு. பதினாறு குடும்பம், பாதி பிள்ளைக்காம்பராவுல, பாதி பழைய ரப்பர் ஸ்டோர்ல. ஆவணியில ஆரம்பிச்ச வீட்டுக்குச் சுவரு ஜன்னலுக்கு மேல வந்துருச்சு. கூரை ஒண்ணுதான் பாக்கி. அதுக்குள்ள ஒங்க ஆளுக அரசாங்கத்தக் கலைச்சுட்டாங்க.

இந்திரகுமாருக்கு தேசியப் பட்டியல்ல எம்.பி. கதிரை கெடைச்சது நம்ம தோட்டத்து வோட்டால. வீடு வீடா போய் அந்த வோட்டக் கேட்டவ நான். ஒனக்கு வேலை குடுத்ததும் அதுக்குத்தான்னு எல்லாருக்கும் தெரியும். அவருகிட்ட நீ சொல்லு. அந்தப் பக்கம் போக வேணாம்னு சொல்லு. எங்க வீடு முடியுற வரைக்குமாவது இருந்த எடத்துல இருக்கச் சொல்லு.

தெய்வம் ஒனக்கு நல்ல புத்தியும் அவருக்குக் கொஞ்சம் வெக்கமும் குடுக்கட்டும்.

அக்கா
விஜயகலா


கொழும்பு
4.11.2018

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். எல்லோருடைய சுகத்தையும் அறிய ஆசை. அம்மாவுக்கு இருமல் மருந்து கபூர் நானாவிடம் கொடுத்துவிட்டிருக்கிறேன்.

உங்கள் கடிதத்தை ஐயாவிடம் காட்டினேன். முழுவதும் படித்தார். "எதிர்க்கட்சியில உக்காந்துகிட்டு யாருக்கும் கூரை போட முடியாதுனு அக்காகிட்ட எழுது" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. புது அமைச்சரவையில் இடம் கேட்டால், நம் வீடுகளை முடிக்கும் அதிகாரத்தையும் கேட்டு வாங்கலாம். மற்ற எம்.பி.மாரும் அப்படித்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இரவு பகலாக யாராவது வருகிறார்கள், போகிறார்கள். ஒரு அறையில் கேட்டதை இன்னொரு அறையில் சொல்லக்கூடாது என்று எங்களுக்கு உத்தரவு.

ஒரு வேண்டுகோள். ஐயா எடுக்கும் முடிவை வரவேற்று, பிரதேச சபை உறுப்பினர்கள் ஒரு அறிக்கை விட்டால் நல்லது என்கிறார். உங்கள் பெயரும் இருக்க வேண்டுமாம். வசனத்தை நானே எழுதித் தருகிறேன். கோபத்தில் மறுத்துவிடாதீர்கள், யோசியுங்கள்.

அன்புடன்
ஷாமிளா


கீழ் டிவிசன்
7.11.2018

ஷாமிளாவுக்கு,

நாங்க சுகம். நீயும் சுகம்தான், டீவியில பாத்தேன்.

மக்கீன் நானா கடையில சீனி வாங்க நின்னேன். செய்தியில இந்திரகுமாரு ஜனாதிபதி முன்னால நின்னு கடதாசியப் பாத்து வாசிச்சுக்கிட்டு இருந்தாரு. பின்னால நீ, நீலச் சாரியில. சிரிச்சுக்கிட்டு இருந்த. கடையில ரெண்டு பென்ஷன்காரர்களும், ஸ்டோர்ல இருந்து மண்ணெண்ணெய்க்கு வந்த பொம்பளையும் இருந்தாங்க. எல்லாரும் என் மொகத்தத்தான் பாத்தாங்க. மக்கீன் நானா பாவம், டீவிய அணைச்சுட்டு சீனிய நிறுக்கப் போயிட்டாரு.

சரி, போனதுதான் போனாரு, வீட்டமைப்பு அமைச்சையாவது கேட்டு வாங்கியிருப்பாருனு நெனச்சேன். துறைமுகப் பிரதி அமைச்சராம். கீழ் டிவிசன்ல எந்தத் தண்ணிக் காணுக்குள்ள கப்பல் ஓடுது? எனக்கு ஆத்திரத்துல எழுத்து கோணலா போகுது, வாசிச்சுக்க.

ஒன் அறிக்கையில என் பேரு வராது. என்னக் கேக்காம போட்டா, நான் சபையில எந்திரிச்சு நின்னு பொய்னு சொல்லுவேன். அவருகிட்ட இதை அப்படியே சொல்லு. மெதுவாக்காம சொல்லு.

மருந்து வந்துச்சு.

விஜயகலா


கொழும்பு
15.11.2018

அன்புள்ள அக்கா,

நலமா? பத்திரிகை பார்த்திருப்பீர்கள். பாராளுமன்றத்தைக் கலைத்தார்கள், நீதிமன்றம் அதை நிறுத்தியது, நேற்று சபையில் புதுப் பிரதமருக்கு எதிராகப் பிரேரணை நிறைவேறியதாகச் சபாநாயகர் சொன்னார், இவர்கள் அதை ஏற்கவில்லை. நாளைக்கு நாங்கள் அமைச்சு அலுவலகத்தில் இருப்போமா தெருவில் இருப்போமா என்று யாருக்கும் தெரியாது. என் மேசையில் இன்னும் பழைய ஆளின் பெயர்ப்பலகைதான் இருக்கிறது. எங்கள் போன்களையும் இன்னும் திருப்பித் தரவில்லை.

ஆனால் உங்களுக்கு நல்ல செய்தி ஒன்று. வருகிற ஞாயிற்றுக்கிழமை வீட்டமைப்புக்குப் பொறுப்பான புது அமைச்சரை ஐயா நம் டிவிசனுக்கே கூட்டி வருகிறார். நான் கேட்டுக் கேட்டுத்தான் இது நடக்கிறது, அக்கா. அடிக்கல் நாட்டுவார்கள். பகுதி உறுப்பினர் என்று நீங்கள் இரண்டு வார்த்தை பேச வேண்டும். அமைச்சருக்குத் தமிழ் தெரியாது, நான்தான் மொழிபெயர்ப்பேன்.

தயவுசெய்து பழையதைப் பேசாதீர்கள். நன்றி சொல்லி, கூரையைக் கேளுங்கள். அவ்வளவு போதும்.

அம்மா எப்படி என்று எழுதவே இல்லையே. ஞாயிறு எல்லோரையும் பார்க்கலாம்.

ஷாமிளா


கீழ் டிவிசன்
20.11.2018

ஷாமிளா,

சுகம் விசாரிக்கிற மனசு இன்னைக்கு எனக்கு இல்ல. நீ வந்துட்டுப் போயி ரெண்டு நாளாச்சு. நடந்தத நீயும் பாத்தவதான், ஆனாலும் நான் எழுதுறேன். நான் நின்ன எடத்துல இருந்து அது எப்படித் தெரிஞ்சதுனு ஒனக்குத் தெரியணும்.

ஏழு வாகனம் வந்துச்சு. அரைகுறையா நிக்கிற எங்க சுவருக்கு முன்னாலயே குழி வெட்டி வெச்சிருந்தாங்க. எழும்பின சுவருக்குப் பக்கத்துல அடிக்கல் வெக்கிற கூத்த ஒலகத்துல யாரும் பாத்திருக்க மாட்டாங்க. கெமராக்காரங்க சுவரு தெரியாம படம் எடுக்கணும்னு வாழமரத்தக் கட்டி மறைச்சாங்க. மந்திரி கல்ல வெச்சாரு. இந்திரகுமாரு பக்கத்துல குனிஞ்சு கையத் தொடச்சுவிட்டாரு.

அப்புறம் என்னக் கூப்பிட்டாங்க. நான் தமிழ்ல பேசினேன். சபையில மாசா மாசம் நான் சிங்களத்துலதான் பேசுறேன். இங்க பதினாறு குடும்பத்துல சிங்களம் புரியாத ஆளு ஒருத்தர் இல்ல. கருவாட்டுக்கு வெல பேசுறதே சிங்களத்துல. அது தெரிஞ்சும் ஏன் தமிழ்ல பேசினேன்? ஒன் வாயால வரணும்னுதான். நம்ம லயத்துப் புள்ள மந்திரிக்கு முன்னால நின்னு எங்க நெலமைய எடுத்துச் சொல்றத இவங்க எல்லாரும் கேக்கணும்னு ஆசைப்பட்டேன்.

நான் சொன்னது இதுதான். "எங்களுக்குக் கல்லு வேணாம், கூரை வேணும். எங்க எம்.பி. எங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்காம எங்க வோட்டக் கொண்டுபோய் ஒங்ககிட்ட குடுத்துட்டாரு. கூரை போட்டுக் குடுத்துட்டு அந்த வோட்ட வெச்சுக்குங்க. இல்லாட்டி திருப்பிக் குடுங்க."

நீ மைக்க வாங்கின. கௌரவ அமைச்சர் வந்ததுல மே அய கொடாக் சந்தோசய்னு சிங்களத்துல ஆரம்பிச்ச. இந்த ஜனங்க ரொம்ப சந்தோசமா இருக்காங்களாம். அமைச்சருக்கும் எம்.பி.க்கும் நன்றிக்கடன் பட்டிருக்காங்களாம். வீட்ட சீக்கிரமா முடிச்சுத் தரச்சொல்லிப் பணிவா கேக்குறாங்களாம்.

மந்திரி கை தட்டினாரு. எங்க ஆளுக ஒருத்தரும் தட்டல. ஸ்டோர்ல அழுத கைக்குழந்தை சத்தம் மட்டும் கேட்டுச்சு. அத்தனை பேரும் ஒன்னையும் என்னையும் மாறி மாறிப் பாத்தாங்க.

அந்த எடத்துலயே நான் சிங்களத்துல சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்துச்சு. சொன்னா, என் கூடப் பொறந்தவ பொய்காரினு ஊருக்கு முன்னால நானே சொன்ன மாதிரி ஆயிடும். முழுங்கிட்டேன். ஒன் மேல இருக்கிற ஆத்திரத்த விட, முழுங்கின என் மேல எனக்கு ஆத்திரம் அதிகம்.

வாகனம் போனதும் ஆளுக என்னச் சுத்தி நின்னாங்க. அக்காவும் தங்கச்சியும் பேசி வெச்சுத்தான் செஞ்சீங்களானு கேட்டாங்க.

விஜயகலா


கொழும்பு
27.11.2018

அன்புள்ள அக்கா,

ஒரு வாரமாக உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு எழுதுவதும் கிழிப்பதுமாக இருந்தேன்.

வரும் வழியில் வாகனத்துக்குள் அந்த அமைச்சர் என்ன சொன்னார் தெரியுமா? கூட்டத்தில் யாராவது அவமானப்படுத்தினால் இந்தத் திட்டத்தையே வேறு மாவட்டத்துக்கு மாற்றிவிடுவேன் என்றார். ஐயா என்னைத் திரும்பிப் பார்த்தார். நீங்கள் சொன்னதை அப்படியே சொல்லியிருந்தால் கூரை போயிருக்கும். கூரையைக் காப்பாற்றத்தான் வார்த்தையை மாற்றினேன். மொழிபெயர்ப்பில் சில வேளை அப்படிச் செய்ய வேண்டி வரும்.

எல்லோருக்கும் புரியும் என்று அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை. சத்தியமாக மறந்துபோனேன்.

அம்மாவைக் கூட்டத்தில் காணவில்லை. என் மேல் கோபித்துக்கொண்டு வரவில்லையா? அம்மா எப்படி இருக்கிறார் என்று மட்டுமாவது எழுதுங்கள்.

ஷாமிளா


பங்களா
கீழ் டிவிசன்
1.12.2018

ஷாமிளா,

விலாசம் மாறியிருக்கு, பாத்திருப்ப.

போன கெழமை மழையில ஸ்டோர்க் கூரை ஒரு பக்கம் எறங்கிருச்சு. மேல சின்னதொரை பங்களா மூணு வருசமா சும்மா கெடக்கு. அஞ்சு அறை, ஓட்டுக் கூரை, குசினி, தண்ணி. வெளவாலுக்குத்தான் பூட்டி வெச்சிருந்தாங்க. வெள்ளிக்கிழமை பகல்ல, எல்லாரும் பாக்க, நான் முன்னால போய் பூட்ட ஒடைச்சேன். பதினாறு குடும்பமும் சாமான் தூக்கிட்டு ஏறியாச்சு. தொரை வந்து கத்தினாரு. பொலிஸ் வந்துச்சு. பொலிஸ்ல பெரியவர் என்னய சபையில பாத்திருக்காரு. நோனா, பிரச்சின பண்ணிக்காதீங்கனு மரியாதையாத்தான் சொன்னாரு. பிரச்சினைய நாங்க பண்ணல, கொழும்புல பண்ணிட்டு இருக்காங்க, அங்க போய்ப் பிடிங்கனு சிங்களத்துலயே சொன்னேன். எழுதிக்கிட்டுப் போயிட்டாங்க. வழக்கு வரும், வரட்டும்.

எங்க கூரைய நீ காப்பாத்த வேணாம். நாங்களே ஒரு கூரைக்குக் கீழ வந்துட்டோம்.

விஜயகலா


கொழும்பு
5.12.2018

அக்கா,

திங்கட்கிழமை நீதிமன்றம் அமைச்சரவையையே நிறுத்திவிட்டது. எங்கள் அமைச்சு அலுவலகத்தில் வாகனச் சாவிகளைத் திருப்பி வாங்கினார்கள். ஐயா பின்வாசலால் போய்விட்டார். இதையெல்லாம் எழுத நான் உட்காரவில்லை.

கபூர் நானா இன்றைக்குத்தான் சொன்னார். மக்கீன் நானா அவரிடம் சொன்னாராம். அம்மா ரெண்டு கிழமையா ஆஸ்பத்திரியில இருந்தாங்களாமே? நான் அங்க வந்த அன்னைக்கும் ஆஸ்பத்திரியிலயாமே? ஒவ்வொரு கடிதத்துலயும் கேட்டேன். ஒவ்வொரு தடவையும் கேட்டேனே அக்கா. பங்களா பூட்டு ஒடைச்சது எழுதத் தெரிஞ்ச ஒங்களுக்கு, நம்ம அம்மாவுக்கு மூச்சு முட்டினது எழுதத் தெரியலையா? நான் செஞ்சது தப்பாவே இருக்கட்டும். அதுக்குத் தண்டனையா அம்மாவ மறைப்பீங்களா? அம்மா எனக்கும் அம்மாதான்.

ஷாமிளா


பங்களா
9.12.2018

ஷாமிளா,

அம்மா வந்துட்டாங்க. மருந்துக் கொழாய் வெச்சு இழுக்குறாங்க, நடக்குறாங்க, சோறு எறங்குது. இதை மொதல்ல எழுதுறேன், ஏன்னா நீ கேட்டது நியாயம்.

இனி என் நியாயம். நீ வர்றதுக்கு முந்தின வியாழக்கிழமை ராத்திரி அம்மாவுக்கு மூச்சு நின்னு நின்னு வந்துச்சு. ஒன் அத்தான் தோள்ல தூக்கிட்டு றோட்டு வரைக்கும் ஓடினாரு. நீ மந்திரியோட ஞாயிறு வந்த. நீ வந்ததும் தனியாக் கூப்பிட்டுச் சொல்லி, ஒரே வாகனத்துல ஆஸ்பத்திரிக்குப் போகலாம்னு இருந்தேன். மேடைக்கு முன்னால சொன்னா நீ ஒடைஞ்சு போவ, பேச்சு வராதுனு, கூட்டம் முடியட்டும்னு வெச்சிருந்தேன். ஒன் பேச்சு நல்லா வரணும்னு வெச்சிருந்தேன்.

பேச்சு வந்துச்சு.

எறங்கினப்புறம் நீ என்கிட்ட வந்த. அம்மாவப் பத்திக் கேப்பனு நின்னேன். நீ சொன்னது ஒண்ணே ஒண்ணு. "அக்கா, போட்டோ எடுக்குறாங்க, கொஞ்சம் சிரிங்க." அதோட நான் திரும்பி ஆளுகளோட போய் நின்னுட்டேன். கடிதத்துல கேக்குறது பெருசில்ல ஷாமிளா. எதிர்ல நின்னப்ப கேக்கல நீ.

மறைச்சது தப்புத்தான். ஆனா இன்னைக்கும் எனக்கு ஆத்திரம் தீரல. தீர்ந்துச்சுனு பொய் எழுத மாட்டேன்.

விஜயகலா


கொழும்பு
23.12.2018

அக்காவுக்கு,

அம்மா நடக்கிறார் என்ற வரியை எத்தனையோ தடவை படித்தேன்.

பழைய பிரதமர் மறுபடியும் வந்துவிட்டார், தெரியும்தானே. எங்கள் ஐயாவும் வந்துவிட்டார். காற்று மாறினதும் முதல் ஆளாகத் திரும்பிப் போய் இந்தப் பக்கம் கை தூக்கினார். மறுபடியும் பிரதி அமைச்சர். வேறு அமைச்சு, வேறு கட்டடம், அதே நாற்காலி. ஒருவரும் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை என்னைக் கூப்பிட்டார். ஜனவரியில் புது வீட்டமைப்பு அமைச்சரைக் கூட்டிக்கொண்டு கீழ் டிவிசனுக்கு வரப்போகிறாராம். அதற்கு முன் பங்களாவைக் காலி பண்ணும்படி நான் உங்களுக்கு எழுத வேண்டுமாம். இன்னொரு கல் வைப்பார்களா என்று கேட்டேன். கோபம் வந்துவிட்டது. அவர் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன். "ஒங்கக்காவுக்கு சபையில எடம் குடுத்தது நான். ஒனக்கு மேசை குடுத்தது நான். ரெண்டையும் ஒரே நாள்ல எடுத்துக்குவேன்."

நான் எழுத மாட்டேன் என்றேன். அவருக்காக இனி எந்த மொழியிலும் பேச மாட்டேன் என்றும் சொன்னேன். தைரியமாக ஒன்றும் சொல்லவில்லை, அழுதுகொண்டுதான் சொன்னேன். குடையையும் சாப்பாட்டுப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். கபூர் நானா பஸ் நிலையம் வரை வந்து, பஸ் புறப்படும் வரை நின்றுவிட்டுப் போனார்.

இப்போது வெள்ளவத்தையில் கூடப் படித்தவளின் அறையில் இருக்கிறேன். பொங்கலுக்கு வரலாமா? எனக்கு அங்கே வீடு எது என்றுகூடத் தெரியாது. நீங்கள் வேண்டாம் என்றால் வரமாட்டேன்.

ஷாமிளா


பங்களா
கீழ் டிவிசன்
3.1.2019

ஷாமிளாவுக்கு,

இங்க எல்லாரும் ஒடம்புக்குச் சுகம். அம்மா பங்களாக் குசினிய தன் கைக்குள்ள எடுத்துக்கிட்டாங்க. வழக்கு ஜனவரி கடைசியில. என்னயக் கட்சியில இருந்து நீக்கினதா போன கெழமையே அறிவிச்சுட்டாங்க, சபையில இருந்தும் தூக்கிடுவாங்க. கொந்தராத்துக்காரர் திரும்பி வரல. புது மந்திரி வந்தா வாசல்ல நிக்க வெச்சுப் பேசுறதா இருக்கோம், குழி வெட்ட விட மாட்டோம்.

நீ வேலைய விட்டதுக்கு நான் பாராட்ட மாட்டேன். அது அன்னைக்கே, மைக்கு ஒன் கையில இருந்தப்ப செஞ்சிருக்க வேண்டியது.

வரலாமானு என்னக் கேட்டிருக்க. நான் தனியா முடிவு சொல்ல முடியாது. நீ பொய் சொன்னது எனக்கு மட்டும் இல்ல. அதனால முந்தாநாள் எல்லாரையும் பங்களா ஹோல்ல கூட்டி, ஒன் கடிதத்த முழுசா வாசிச்சேன், அழுததையும் சேத்து. சண்டை வந்துச்சு. ஸ்டோர்ல கைக்குழந்தையோட கெடந்தாளே, அவ எந்திரிச்சு, மழையில நனைஞ்சது எம்புள்ள, சந்தோசம்னு சொன்னது இவ, இந்தக் கூரைக்குக் கீழ இவ படுக்கக் கூடாதுனு சொன்னா. அவ சொன்னதுல தப்பு இல்ல. இன்னொருத்தர், நம்ம புள்ளைய வெளிய நிறுத்திட்டு நாம யாரோட சண்டை போடப்போறோம்னு கேட்டாரு. அதுவும் சரிதான்.

கடைசியில கை தூக்கச் சொன்னேன். ஒவ்வொரு கையா, எல்லாரும் பாக்க, ரெண்டு தடவை எண்ணினோம். ஒங்க பாராளுமன்றத்துல செஞ்ச மாதிரி ஒருத்தரும் கதிரையத் தூக்கி எறியல, மொளகாத்தூள் வீசல. நீ வரலாம்னு கூடுதலான கை எழும்புச்சு. வேணாம்னு சொன்னவங்க மொகத்தத் திருப்பிக்கிட்டு சமைக்கப் போயிட்டாங்க, ஆனா ஏத்துக்கிட்டாங்க.

அம்மா எந்தப் பக்கமும் கை தூக்கல. நானும் தூக்கல.

இருந்தாலும் இங்க பெரும்பான்மை சொன்னா சொன்னதுதான். வா.

விஜயகலா